இவர் ஓட்டினார், நான் சுட்டேன்

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து ஐந்தாவது மாதம் என் கணவர் முதன்முதலாக ஒரு சொல் சொன்னார். பின்னேரம் நாலு மணி இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்தோம். எங்களுக்கு முன்னால், ஒரு சின்ன மேசையில், மகன் கனடாவிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டி. திரையில் ஒரு சிவப்பு விமானம் ஆற்றுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. மூன்று பக்கத்தாலும் எதிரிகள் வந்துவிட்டார்கள். நான் சுடுகிற பொத்தானை அமத்திப் பிடித்தபடி இருந்தேன்.

"போடு!" என்றார்.

நான் திரையை விட்டுவிட்டு இவருடைய வாயைப் பார்த்தேன். அதற்குள் விமானம் வெடித்துப் போய்விட்டது.

"என்ன சொன்னனீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இடது கையால் திரையைக் காட்டினார். முகமெல்லாம் கோபம். "போடு! போடு!"

எங்களுடைய கலியாண வாழ்க்கை நாற்பது வருசத்தைத் தாண்டியது. இவர் என்னோடு ஒருநாளும் அப்படி ஒருமையில் கதைத்ததில்லை. "இஞ்சரும்", "வாரும்", "தாரும்" என்றுதான் பேச்சு. ஒழுங்காகப் பார்த்தால் "போடும்" என்று வந்திருக்க வேண்டும். இந்த நோய் மரியாதையையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அடிச்சொல்லை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

நான் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். இவர் சொன்னது விளையாட்டில் குண்டைப் போடச் சொல்லி. அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் எங்கள் வீட்டில் முப்பது வருசத்துக்கு மேலாக ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெட்டி வந்த விதம்

இந்தத் தொடரில் இதுவரை பாடசாலைக் கதைகளாகவே எழுதிக்கொண்டு வந்தேன். கணக்குப் படிப்பித்த ஒருத்திக்கு அதுதான் வசதி. இந்த வாரம் வீட்டுக் கதை. எழுத வேண்டாம் என்று இரண்டு தரம் தாளைக் கிழித்தேன்.

இவர் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். ஆகாயத்திலிருந்து பிடித்த படங்களைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, வாய்க்கால், ஒழுங்கை, குளம் என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் கீறுகிற வேலை. மயிரிழைக் கோடு கீறுகிற கை. பாரிசவாதம் அந்த வலது கையைத்தான் எடுத்தது. கூடவே பேச்சையும் எடுத்தது.

சொல்வதெல்லாம் விளங்கும். பதில்தான் வராது. முதல் மாதங்களில் முற்றத்துத் தேசி மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தந்த பிள்ளை சொன்னாள்: "அன்ரி, அங்கிளுக்கு விருப்பமான ஏதாவது வேணும். கண்ணும் கையும் வேலை செய்யிற மாதிரி. மனம் முழிச்சால் பேச்சும் பின்னாலை வரும்."

இதை மகன் அகிலனிடம் தொலைபேசியில் சொன்னேன். அகிலன் ரொறன்ரோவில் இருக்கிறான். பதினெட்டு வயதில் போனவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு கதைப்பான். அப்பாவோடு கதைக்க மாட்டான். "வீட்டிலை எல்லாரும் சுகமோ" என்று கேட்பான். அந்த "எல்லாரும்" தான் அப்பா.

ஆனாலும் இரண்டு மாதத்தில் ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டான். இடது பக்கம் ஒரு கைபிடி, வலது பக்கம் இரண்டு பொத்தான். அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு நின்று விளையாடின பெரிய இயந்திரங்களின் விளையாட்டுகளை உள்ளே போட்டிருந்தார்கள். அவன் கனடா போன புதிதில், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் கடையின் மூலையில் இப்படி ஒரு இயந்திரம் இருந்ததாம். குளிருக்கு ஒதுங்கி அதில்தான் பொழுது போக்கினானாம். அவனுடைய அந்த வருசங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெட்டிக்குள் கார் ஓட்டம் இருந்தது, பந்தடி இருந்தது. இவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விமானத்தைத் தெரிந்தெடுத்தார்.

"உது வேண்டாம்" என்றேன். இவர் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் காரணம் விளங்கியது. அந்த விளையாட்டில் எல்லாவற்றையும் மேலிருந்துதான் பார்க்கலாம். கீழே ஆறு, பாலம், வயல், தண்டவாளம், தோணிகள் நிற்கிற துறை. இவர் விமானத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருசம் பார்த்த மாதிரியே.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். சத்தத்தை முற்றாக நிற்பாட்டினேன்.

கெட்டித்தனமும் கெடுபிடியும்

இவருடைய இடது கைக்குக் கைபிடி பொருந்தியது. பொத்தான் அமத்த வலது கை இல்லை. ஆகவே இவர் ஓட்டினார், நான் சுட்டேன். ஒரு விமானத்துக்கு இரண்டு கிழடுகள்.

ஆசிரியை என்ற முறையில் அந்த விளையாட்டுக்குப் புள்ளி போடச் சொன்னால், சில விடயங்களுக்குத் தாராளமாகப் போடுவேன். முதலாவது, அது ஏமாற்றாது. எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, அதே ஒழுங்கில்தான் வருவார்கள். பாலம் தாண்டினதும் இடப்பக்கம் ஐந்து, பிறகு வலப்பக்கம் ஐந்து, பிறகு நடுவால் ஒரு பெரியது. படித்தால் சித்தியடையலாம். இவருக்குச் சொற்கள் மறந்துபோனாலும் அந்த ஒழுங்கு மறக்கவில்லை. எதிரி வருவதற்கு முதலே கை அந்தப் பக்கம் திரும்பிவிடும். "மூளை இருக்கு, எல்லாம் இருக்கு" என்று பயிற்சிப் பிள்ளையிடம் அடித்துச் சொன்னேன்.

இரண்டாவது, சுருக்கம். ஒரு கைபிடி, இரண்டு பொத்தான். ஒன்று சுட, மற்றது குண்டு போட. குண்டு மூன்றுதான் தருவார்கள். போட்டால் திரையிலுள்ள எதிரி சுட்ட சன்னங்களெல்லாம் ஒரு கணம் அழிந்துபோகும். சாக இருந்த இடத்தில் மூச்சு விடலாம். எப்போது போடுவது என்பதில்தான் முழுக் கெட்டித்தனமும். நான் எப்போதும் பிந்தித்தான் போட்டேன்.

ஆனால் அது இரக்கமில்லாத விளையாட்டு. விமானத்தின் செட்டை நுனியில் ஒன்று பட்டாலே போதும், முடிந்தது. அதுவரை கஷ்டப்பட்டுச் சேர்த்த நல்ல துவக்குகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஒற்றைச் சன்னம் சுடுகிற துவக்கோடு பழைய இடத்துக்கே அனுப்பிவிடும். நல்ல துவக்கு இருந்தபோதே தப்ப முடியாத இடத்தில் அதில்லாமல் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பிள்ளையையும் அப்படி நடத்தியதில்லை.

மூன்றாவது கட்டத்தில் கடலும் செம்மஞ்சள், எதிரி சுடுகிற சன்னமும் செம்மஞ்சள். கண்ணில் வெள்ளை படர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றுதான். நாலாவது கட்டத்தின் முடிவில் ஒரு பெரிய கப்பல். அதுவரை போக நாற்பது நிமிசம் வேண்டும். போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. முதலாம் கட்டத்தின் ஆற்றிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

ஒருநாள் அப்படிக் கரண்ட் போனபோது நான் மேசையில் கையால் அடித்து அழுதுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"விடு" என்றார்.

அது இரண்டாவது சொல்.

இன்னொன்றும் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் ஒரு ஊர் வரும். ஓட்டு வீடுகள், கிணறு, வேலி. அந்த வீடுகளைச் சுட்டால்தான் நல்ல துவக்கு கிடைக்கும். நான் அந்த இடம் வந்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவேன். இவரிடம் நான் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. நான் விரலை எடுக்க முதலே இவர் விமானத்தை ஊரின் ஓரத்தால், ஆற்றங்கரையோடு கொண்டுபோய்விடுவார். அதனால் கப்பலுக்கு நாங்கள் எப்போதும் பலமில்லாமல்தான் போய்ச் சேர்ந்தோம்.

காய்ச்சல்

இனி அதை எழுதத்தான் வேண்டும்.

எங்களுக்கு ஒரு மகளும் இருந்தாள். பெயர் ஷாமினி. ஆறரை வயது. அப்போது சண்டைக் காலம், நீர்வேலியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வாழைத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், பதுங்கப் பங்கர் வெட்டியிருந்தோம். மாரி காலம். பங்கருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். காலை பத்து மணி இருக்கும், குண்டு போடுகிற விமானத்தின், பொம்மரின், சத்தம் கேட்டது. இவர் ஓடிவந்து அவளுடைய முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"தூக்காதேங்கோ" என்றேன். "இப்பதான் கண்ணயர்ந்தவள். பங்கருக்குள்ளை தண்ணி. பிள்ளைக்குச் சன்னி வந்திடும். அது சுத்திப்போட்டுப் போயிடும். நீங்கள் தம்பியைக் கொண்டு போங்கோ."

இவர் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"சொல்லுறன், விடுங்கோ!"

வகுப்பில் கதைக்கிற குரலில் சொன்னேன். இவர் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு, ஒன்பது வயது அகிலனைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் தனியாக இருந்த குசினிக்குப் போய் அவளுக்கு மல்லித்தண்ணீர் வைத்தேன்.

பொம்மர் இரண்டாவது தரம் பதிந்து குண்டைப் போட்டது. குசினிச் சுவர் என்மேல் விழுந்தது. நெற்றியில் ஒரு காயத்தோடு எழும்பி வந்தேன். அவள் படுத்திருந்த அறை இல்லை.

பின்னேரம் வட்டுக்கோட்டையிலிருந்து இவருடைய அம்மா, என் மாமி, வந்தா. தலையில் அடித்துக்கொண்டு கேட்டா: "பச்சைப் பிள்ளையை ஆரடா விட்டிட்டுப் போனது?"

இவர் சொன்னார்: "நான்தான் அம்மா. பொம்மர் திரும்பிப் போகுதெண்டு நினைச்சன்."

நான் தலையில் கட்டோடு பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அகிலனும் அங்கேதான் நின்றான். பங்கருக்குள் "தங்கச்சி எங்கை?" என்று கேட்டபோது இவர் ஒன்றும் சொல்லாமல் அவனுடைய தலையை நெஞ்சோடு அமத்திப் பிடித்திருந்தாராம். இப்போது அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதல் நாள் என்னால் முடியவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. மாமி அதை நம்பியபடியே செத்துப்போனா. ஊர், உறவு எல்லாம் நம்பியது. ஒரேயொருமுறை, ஆண்டுத்திவசம் கழிந்து, இவரிடம் அதைப் பற்றித் தொடங்கினேன்.

"இஞ்சரும்" என்றார், "மழை வரப்போகுது. கொடியிலை கிடக்கிற உடுப்பை எடும்."

நான் போய் உடுப்பை எடுத்தேன். அவ்வளவுதான் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை

"போடு" வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலை நெருங்குகிற நேரம் அகிலனின் அழைப்பு வந்தது. தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்தேன். அவனுக்கு எங்கள் இருவருடைய முகமும் தெரிந்தது.

"அப்பா என்ன, பொம்மர் ஓடுறாரோ?" என்று சிரித்தான்.

"ஓம். நல்லா ஓடுறார்" என்றேன்.

பிறகு சிரிப்பில்லாத குரலில் சொன்னான்: "அவருக்கு எப்பவும் பயமில்லைத்தானே. அண்டைக்கும் பயமில்லை. தங்கச்சியைப் படுக்க விட்டிட்டு வந்த ஆள்."

இத்தனை வருசத்தில் அவன் இதை இவருடைய காதுபடச் சொன்னது அதுதான் முதல்தடவை. இவருடைய இடது கை கைபிடியிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. விமானம் அங்கேயே நின்று வெடித்தது.

"அகிலன்" என்றேன். "அப்பா விடேல்லை. அவர் தூக்கினவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

"என்னம்மா சொல்லுறியள்?"

"விடு" என்றார் இவர். இடது கையை நீட்டித் தொலைபேசியைப் பறிக்கப் பார்த்தார். "விடு. விடு. விடு."

நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழும்பி நின்றேன். தண்ணீர், சன்னி, மல்லித்தண்ணீர், மாமி கேட்டது, இவர் சொன்னது என்று முழுவதையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை இவர் பின்னால் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமாவோ அம்மா?" என்று கேட்டான் அகிலன். தொடர்பு அறுந்துபோனது.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

"அப்பாட்டைக் குடுங்கோ."

கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். மகன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. யன்னலால் இவரைப் பார்த்தேன். கண்ணீர் நாடியால் வடிந்து கட்டியிருந்த சாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. இவருக்கு இருந்த ஒரே கை தொலைபேசியைப் பிடித்திருந்தது.

"ஓம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "ஓம்."

இரண்டு கிழமை

நத்தார் விடுமுறைக்கு அகிலன் வந்தான். இரண்டு கிழமை, பதினாலு நாள், நின்றான்.

என்னுடைய இடத்தில் அவன் இருந்தான். இவர் ஓட்டினார், அவன் சுட்டான். நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போடு!"

"போட்டிட்டன் அப்பா, போட்டிட்டன்!"

ஒன்பதாம் நாள் கப்பலைத் தாண்டினார்கள். கத்துகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்க ஒரே வெளிச்சம். அகிலன் அப்பாவின் வலது கையை, அந்தச் செத்த கையை, எடுத்துத் தன் முகத்தில் வைத்திருந்தான். நான் வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டேன்.

என்னோடு விடுதியில் தங்கினவன் மாதிரித்தான் கதைத்தான். "சோறு காணும், போடாதேங்கோ." "குளிக்கத் தண்ணி இருக்கோ?" ஒரு இடத்திலும் அம்மா என்று கூப்பிடவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான். அப்பா முப்பது வருசத்துக்கு மேல் வாங்கினதில் எனக்கு வந்தது இரண்டு கிழமை.

வெளிக்கிடுகிற அன்று குசினி வாசலில் வந்து நின்றான்.

"அண்டைக்கு அவள் எழும்பினவளோ?"

நான் அடுப்பை அணைத்தேன். "ஓம். ரெண்டாந்தரம் பொம்மர் வரமுன்னம் கூப்பிட்டவள். 'அம்மா, தண்ணி' எண்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாறன் எண்டனான்."

அவன் போய்ப் பயணப் பெட்டியைத் தூக்கி வாசலில் நின்ற வானில் ஏற்றினான்.

வீட்டில் கடைசி நாள்

மாசியில் இவருக்குப் பாரிசவாதம் இரண்டாவது தரம் வந்தது. காலையில் தேத்தண்ணி கொண்டுபோனபோது முடிந்திருந்தது. அகிலன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். அவன் வரும்வரை பிரேதத்தை வைத்திருந்தோம்.

வீடு நிறையச் சனம். செத்தவீட்டில் பாடுகிற பாட்டுக்காரர் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இவருடைய பெரியம்மாவின் மகள், எண்பது தாண்டிய மச்சாள், சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னா:

"பாவம் என்ரை தம்பி. பிள்ளையை விட்டிட்டு ஓடினது கடைசி வரைக்கும் அரிச்சுப்போட்டுது. அதுதான் வாயும் பேசாமல் போனது."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னா.

நான் எழும்பினேன். "மச்சாள், அது அவரில்லை" என்றேன். "அவர் பிள்ளையைத் தூக்கினவர். விடச் சொன்னது நான். மாமி கேட்கேக்கை அவர் தன்ரை தலையிலை போட்டவர். நான் பேசாமல் இருந்தனான். இண்டைவரைக்கும் பேசாமல் இருந்தனான்."

மச்சாள் பெட்டியிலிருந்து கையை எடுத்தா. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். கொஞ்சம் முன்புவரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த பெண் தள்ளி நின்றாள். கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. இவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் ஆண்களோடு நின்ற அகிலன் சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதை எனக்குப் பின்னால் வைத்துத் தோளில் கையை வைத்தான்.

"இருங்கோ அம்மா" என்றான்.

இருந்தேன். அவன் போகவில்லை. பெட்டியை மூடும்வரை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நின்றான். அவனுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கதிரை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அது என்னுடைய நடுக்கமோ, அவனுடையதோ, எனக்குத் தெரியவில்லை.